பழைய மோட்டார் படகு வாங்குவோர் கவனத்திற்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் துறைமுக வேலை, ரயில்வே வேலை, கட்டட வேலை என்று பல வழிகளில் கோவாவுக்கு வந்து வேரூன்றியவை. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளில் சிலர் சுற்றுலாப் படகுகளில் ஓட்டுநர்களாகவும் உதவியாளர்களாகவும் வேலை செய்கிறார்கள். நான்கைந்து வருடம் பிறர் படகை ஓட்டியவனுக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. புதுப் படகும் புது எஞ்சினும் கைக்கு எட்டாத விலை. எனவே பழைய படகைத் தேடுகிறார்கள். தேடும்போது, "ஐயா, நீங்கள் எஞ்சின் பார்த்தவர், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று என்னையும் அழைக்கிறார்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ரயில்வே டீசல் லோகோ ஷெட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். லோகோமோட்டிவ் வேறு, படகு வேறு. ஆனால் பரிசோதிக்கும் முறை ஒன்றுதான்: கண்ணால் பார், காதால் கேள், கையால் தொடு, பிறகு அளந்து பார். விற்பவர் சொல்வதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். படகு கட்டும் பட்டறைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நானே பல படகுகளைப் பார்த்து அறிந்ததையும் சேர்த்து இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன். 16 முதல் 20 அடி நீளமுள்ள ஃபைபர் படகு, பின்னால் தொங்கும் 25 முதல் 60 குதிரைசக்தி வரையிலான பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் ஆகியவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

காருக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு

பழைய கார் வழியில் நின்றால் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். படகு நின்றால் ஓரம் என்று ஒன்று கிடையாது. மாண்டவி ஆற்றின் முகத்துவாரத்தில் வற்றுநீர் இழுக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றால், படகு தானாகவே கடலை நோக்கிப் போகும். படகில் இருக்கும் பத்துப் பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை நமக்குத் தெரியும். ஃபைபர் படகு வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே மண்குதிரையாகவும் இருக்கக்கூடும்.

இன்னொரு வேறுபாடு, படகின் நோய்கள் பெரும்பாலும் பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும். இரும்பு துருப்பிடித்தால் வெளியே தெரியும். ஃபைபருக்குள் இருக்கும் மரம் ஊறி அழுகினால் வெளியே எதுவும் தெரியாது.

முதலில் காகிதங்கள்

படகைப் பார்க்கப் போகும் முன் காகிதங்களைப் பாருங்கள். காகிதம் சரியில்லாத படகுக்குப் பரிசோதனையே தேவையில்லை, நேரம் மிச்சம்.

உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் எஞ்சின் படகுகளுக்கு இப்போது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்தது இது. பதிவுச் சான்றிதழ், தகுதிப் பரிசோதனைச் சான்றிதழ், காப்பீடு, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் ஆகியவை இதில் அடங்கும். கோவாவில் இவற்றைக் கவனிப்பது பணஜியில் உள்ள கேப்டன் ஆஃப் போர்ட்ஸ் துறை. அங்கே நேரில் சென்று, படகின் பதிவு எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் யார், எத்தனை பேரை ஏற்ற அனுமதி, எந்த நீர்ப்பரப்பு வரை ஓடலாம், நிலுவை ஏதும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய படகாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கியின் கடிதம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது.

மீன்பிடிப் படகாகப் பதிவான படகை வாங்கி, பெஞ்சு போட்டு, மேலே கூரை கட்டிச் சுற்றுலாப் படகாக ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். 2023 மே 7 அன்று கேரளாவில் மலப்புரம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியது ஆகியவையே அந்தப் படகைப் பற்றி வெளிவந்த செய்திகள். காரணம் எளிது. மீன்பிடிப் படகில் பாரம் அடியில் கிடக்கும். பயணிகள் படகில் பாரம் பெஞ்சின் மேல் உட்காரும், எழுந்து நிற்கும், எல்லோருமாக ஒரே பக்கம் திரும்பிப் படம் எடுக்கும். மேலே கூரையும் சேர்ந்தால் கனத்தின் மையம் இன்னும் உயரும். எனவே விற்பனைக்கு வந்த படகில் பின்னால் சேர்த்த மேல்தளம், கூரை, பெஞ்சு ஆகியவை உண்டா என்று பாருங்கள். உண்டென்றால், அந்த மாற்றத்திற்கு அனுமதி பெற்ற காகிதத்தைக் கேளுங்கள்.

எஞ்சினுக்கு என்று தனி எண் உண்டு. படகின் பின்பலகையில் எஞ்சினைப் பிடித்திருக்கும் கவ்வியில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகடு சுரண்டப்பட்டிருந்தாலோ, ரிவெட் புதிதாக இருந்தாலோ நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படகின் உடல்

பார்க்க நல்ல நேரம் எது? படகைத் தண்ணீரிலிருந்து கரைக்கு இழுத்த அன்றோ மறுநாளோதான். இங்கே ஜூன் மாதம் மழை தொடங்கும்போது பெரும்பாலான சுற்றுலாப் படகுகள் கரை ஏறிவிடும். நெடுநாள் தண்ணீரில் கிடந்த ஃபைபர் உடலில், மேல்பூச்சான ஜெல்கோட்டுக்கு அடியில் நீர் புகுந்து சிறு சிறு கொப்புளங்கள் எழும்பும். கரையில் இரண்டு மூன்று மாதம் காய்ந்தால் அவை அமுங்கிவிடும். அதனால்தான் செப்டம்பரில் ஓலைக் கொட்டகையில் பார்த்த படகு வழவழப்பாக இருக்கிறது. விற்பதற்கு முந்தைய வாரம் அடிப்பகுதிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தப் பெயிண்ட் எதை மறைக்கிறது என்று கேளுங்கள்.

ஒன்றிரண்டு கொப்புளம் பெரிய குற்றமில்லை. ஒன்றைக் குத்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். புளித்த வினிகர் நெடியுடன் நீர் கசிந்தால், பிசினுக்குள் நீர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடிப்பகுதி முழுவதும் கொப்புளமாக இருந்தால் மேல்பூச்சை உரித்து, உலர்த்தி, மறுபடி பூச வேண்டும். அது மாதக்கணக்கான வேலை.

அடுத்தது தட்டிப் பார்த்தல். ரயில் வண்டி நிலையத்தில் நிற்கும்போது ஒருவர் நீளச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவதை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் 'தொப்' என்னும். ஃபைபருக்கும் அதே பாடம். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியோ ஐந்து ரூபாய் நாணயமோ போதும். அரை அடிக்கு ஒரு தட்டு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஒலி திடீரென்று மந்தமானால், அந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன அல்லது உள்ளே மரம் ஊறியிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். முடிவில் வட்டங்களைப் பார்த்தாலே படகின் ஜாதகம் தெரிந்துவிடும். உள்ளே சட்டம் ஓடும் இடங்களில் ஒலி சற்று மாறும், அது குற்றமல்ல. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இடத்தில் ஒரே ஒலியா என்று ஒப்பிட்டால் குழப்பம் வராது.

வெடிப்புகளிலும் வகை உண்டு. மயிரிழைபோல் ஜெல்கோட்டில் மட்டும் ஓடுவது வெயிலால் வருவது. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரிந்தால் ஏதோ இடித்திருக்கிறது. பெஞ்சு, கம்பி, கொக்கி ஆகியவற்றின் மூலைகளிலிருந்து கிளம்பும் வெடிப்பு, அந்த இடம் பாரம் தாங்காமல் நெளிகிறது என்பதற்கு அடையாளம். கடைசி வகைதான் கவலைக்குரியது.

பின்பலகை: படகின் முதுகெலும்பு

எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை ட்ரான்ஸம் என்பார்கள். பெரும்பாலான சிறிய ஃபைபர் படகுகளில் இது வெளியிலும் உள்ளிலும் ஃபைபர், நடுவில் பிளைவுட் என்ற அமைப்பில் இருக்கும். எஞ்சினின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பிளைவுட் ஊறி, காலப்போக்கில் ஈரக் கேக்குபோல ஆகிவிடும். எஞ்சினின் எடையும் தள்ளுவிசையும் முழுவதும் இந்தப் பலகையில்தான் இறங்குகின்றன. ஓடும்போது இது விட்டுவிட்டால் எஞ்சினோடு படகின் பின்புறமே பிய்ந்து போகும்.

சோதனை எளிது. படகு கரையில் இருக்கும்போது எஞ்சினைப் பாதியளவு உயர்த்துங்கள். விசிறிக்குச் சற்று மேலே உள்ள தட்டையான தகட்டைப் பிடித்து, ஒருவர் மேலும் கீழுமாக அழுத்தட்டும். இன்னொருவர் பின்பலகையின் மேல் விளிம்பையும், அது பக்கச் சுவரோடு சேரும் மூலைகளையும் பார்க்கட்டும். எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளில் சற்று அசையலாம். பலகை அசையக் கூடாது. பலகை நெளிந்தாலோ, மூலையில் வெடிப்பு திறந்து மூடினாலோ, போல்ட்டின் அடியில் பழுப்பு நீர் கசிந்தாலோ பலகை போய்விட்டது. ஐயம் தீர, கீழ்ப்புறத்தில் உள்ள ஏதாவது ஒரு சிறிய ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. ஈரமான கறுப்புத் தூள் வந்தால் கெட்டது.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்து அம்மையார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லை. மகன் ஆறு வருடமாகப் பிறர் படகை ஓட்டுகிறான். ஒரு படகு விலைக்கு வந்திருப்பதாகவும், தம் நகைகளை அடகு வைத்துப் பணம் ஏற்பாடு செய்துவிட்டதாகவும், நாளை முன்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். "அண்ணா, நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னா எனக்கு நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் பையனும் போனோம். முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கேட்டதற்கு, "இப்போதுதான் ஒரு சுற்றுப் போய் வந்தேன்" என்றார் விற்பவர். எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. பையனின் முகம் மலர்ந்துவிட்டது. "அங்கிள், எஞ்சின் சூப்பரா இருக்கு" என்றான். சூடான எஞ்சின் கிளம்புவதில் என்ன பெருமை? இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் அதிகாலையில் போனோம். அன்று கயிற்றைப் பதினான்கு முறை இழுத்தார், கிளம்பவில்லை. பிறகு எஞ்சினைப் பாதி உயர்த்திப் பையனையே அழுத்தச் சொன்னேன். பின்பலகை கண்ணுக்குத் தெரியவே அசைந்தது. அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படகை அவன் வாங்கவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் ஏழு படகுகளைத் தானே தட்டிப் பார்த்தான், தானே அழுத்திப் பார்த்தான். எட்டாவது படகை வாங்கினான். பார்க்க அவ்வளவு அழகில்லை, பெயிண்ட் வெளுத்திருந்தது. ஆனால் பலகை கல்போல் இருந்தது. அது இன்றும் ஓடுகிறது. அம்மையாரின் நகைகளும் மீண்டு வீடு வந்துவிட்டன.

எடைமேடை சொல்லும் உண்மை

படகின் தரைத்தளத்துக்கு அடியில் மிதப்பதற்காக நுரைப் பொருளை நிரப்பியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கினால் அதுவும் பஞ்சுபோல் நீரைக் குடித்துவிடும். வெளியே தெரியாது. படகு வேகம் எடுக்காது, பெட்ரோலை விழுங்கும், மிதக்கும் உயரம் குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நூறு லிட்டர் உள்ளே தேங்கினால், டிக்கெட் வாங்காத ஒன்றரை ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறீர்கள்.

படகை ஏற்றிய வண்டியை லாரி எடைமேடையில் ஒரு முறையும், படகை இறக்கிய பின் வண்டியை மட்டும் ஒரு முறையும் நிறுத்துங்கள். வித்தியாசம்தான் படகின் எடை. எஞ்சின், பாட்டரி, எரிபொருள் எடையைக் கழித்துவிட்டு, அதே அச்சில் செய்த புதுப் படகின் எடை என்ன என்று கட்டிய பட்டறையில் கேட்டு ஒப்பிடுங்கள். எடைமேடைக் கட்டணம் அற்பம்; அது சொல்லும் செய்தி பெரிது.

தரைத்தளத்தில் வெறுங்காலோடு குதிகாலை அழுத்தி நடந்து பாருங்கள். கால் பதியும் இடத்தில் அடியில் உள்ள நீளச் சட்டங்கள் அழுகியிருக்கலாம்.

எஞ்சின்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் முதல் சோதனை. மூடியைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டர் தலையில் பெயிண்ட் கருகியிருந்தால் எஞ்சின் ஒரு முறையாவது கொதித்திருக்கிறது. வெள்ளை உப்புப் படிவங்கள் இருந்தால் எங்கோ கடல்நீர் கசிகிறது. போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்து பளிச்சென்று இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். எல்லாம் ஒரே இளம்பழுப்பு நிறமாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை. ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. இதற்கான கேஜ் எந்த மோட்டார் சைக்கிள் பட்டறையிலும் இரவலாகக் கிடைக்கும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, நெருப்புப் பொறி வராதபடி அவசர நிறுத்தக் கயிற்றை எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று சுழற்றி அளவை எழுதுங்கள். தனி எண்ணைவிட அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று சிலிண்டரில் 120, 118, 119 என்று வந்தால் நல்லது. 120, 118, 85 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டருக்கு வைத்தியம் தேவை. அதைச் செய்துதான் விலை பேச வேண்டும்.

எஞ்சினைக் கரையில் ஓட்டுவதானால், குளிர்நீர் உறிஞ்சும் வாயில் தண்ணீர்க் குழாயைப் பொருத்தாமல் ஓட்டவே கூடாது. உள்ளே நீர் இறைப்பது இம்பெல்லர் என்ற சிறிய ரப்பர் சக்கரம். வறண்டு ஓடினால் சில நொடிகளில் கருகிவிடும். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் உள்ள சிறு துளையிலிருந்து ஒரு நீர்த்தாரை விழும். அது விரல் கனத்தில் சீராக விழுகிறதா, சொட்டுகிறதா என்று பாருங்கள். கடல்நீரில் ஓடிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவாத எஞ்சினில் உப்பு படிந்து குளிர்நீர்ப் பாதைகள் அடைபட்டிருக்கும். அன்றாடம் கழுவினாரா என்று விற்பவரைக் கேட்க வேண்டியதில்லை. நீர்த்தாரையே பதில் சொல்லும்.

கியர்பெட்டியும் விசிறியும்

லோகோ ஷெட்டில் எங்களுக்கு எண்ணெய்தான் ரத்தப் பரிசோதனை. எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் எந்த உலோகம் கூடியிருக்கிறது என்று பார்த்தே உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். படகு எஞ்சினின் கியர்பெட்டிக்கும் அதைச் செய்யலாம்; ஆய்வுக்கூடம் வேண்டாம்.

எஞ்சினை ஓர் இரவு நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காலையில் கியர்பெட்டியின் கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானது; அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. நீர் கலந்து ஓடியிருக்கிறது. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சாதாரணம். ஊசிபோல், செதில்போல் உலோகத் துண்டுகள் இருந்தால் பல்சக்கரம் உடைகிறது.

விசிறியைக் கழற்றி அச்சைப் பாருங்கள். மீன்வலை நூலும் தூண்டில் நரம்பும் அங்கே சுற்றிக்கொண்டு சீலை அறுக்கும். இங்குள்ள ஆறுகளில் இது அடிக்கடி நடப்பது. விசிறி இல்லாத அச்சைக் கையால் சுழற்றி, அதன் நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். நுனி வட்டமிட்டால் அச்சு வளைந்திருக்கிறது. மணலிலோ பாறையிலோ மோதிய படகு. துருவுக்குப் பலியாகவென்றே பொருத்திய துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகள் எஞ்சினின் அடிப்பகுதியில் இருக்கும். அவை பாதி தேய்ந்திருந்தால் தம் வேலையைச் செய்கின்றன. முற்றிலும் கரைந்திருந்தால் அடுத்துக் கரைவது எஞ்சின்தான். அவற்றின் மேல் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் அவை வேலையே செய்யவில்லை.

எரிபொருளும் மின்கம்பியும்

நாம் பம்பில் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025இல் நாடு முழுவதும் கலப்பு இருபது சதவிகிதத்தை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுவதும் டாங்கியில் கிடந்த பெட்ரோலில் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடக்கூடும். டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து அரை மணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்கு தெரியும். இந்தக் கலப்புக்கு முந்தைய காலத்து ரப்பர் குழாய்கள் இதில் ஊறிப் பிசுபிசுப்பாகும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். படகின் அடியில் பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிண்ணத்தில் தண்ணீர்போல் படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

மின்கம்பியில் ஓர் இடத்தில் உறையை அரை அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளத்தால் நல்லது. பச்சையும் கறுப்புமாக இருந்தால், வீட்டு ஒயரைக் கடலுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். முழுவதும் மாற்ற வேண்டும்.

தண்ணீரில் ஓட்டம்

இவ்வளவும் தேறிய பிறகே தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். ஓட்டம் பார்க்காமல் படகு வாங்குவது, பெண் பார்க்காமல் பேசி முடித்த அந்தக் காலத்துக் கல்யாணம் மாதிரி. லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். படகுகள் நெருக்கமாக ஓடும் இடத்தில் வேகச் சோதனை செய்யாதீர்கள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பை துறைமுகத்தில், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று பயணிகள் படகின்மேல் மோதிப் பல உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க முடியாது.

முதலில் காலிப் படகு நேராக மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கரையிலிருந்து பாருங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக ஏற்றப்போகும் பாரத்துக்குச் சமமாக ஆட்களையோ மணல் மூட்டைகளையோ ஏற்றுங்கள். ஒருவர் மட்டும் ஏறி ஓட்டினால் எந்தப் படகும் பறக்கும். முழு த்ராட்டிலில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான அவுட்போர்டுகளுக்கு இது 4,500 முதல் 6,000 வரையிலான ஓர் எல்லைக்குள் இருக்கும். சரியான எல்லை அதன் கையேட்டில் உண்டு. அந்த அளவை எட்டவில்லை என்றால் மூன்று காரணங்கள்: எஞ்சின் தளர்ந்திருக்கிறது, விசிறியின் அளவு பொருந்தவில்லை, அல்லது படகு நீர் குடித்துக் கனத்திருக்கிறது. முன்பு எடுத்த கம்ப்ரெஷன் அளவும் எடையும் கையில் இருந்தால், எது காரணம் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். ஒரு சோதனை இன்னொரு சோதனைக்குச் சாட்சி என்பதால்தான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

முன், பின், நடு என்று கியர் மாற்றிப் பாருங்கள். வேகத்தில் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு, படகின் அடியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். புறப்படும் முன் துடைத்து வைத்திருந்தால்தான் இது தெரியும்.

விலைக் கணக்கு

குறைகள் இல்லாத பழைய படகு கிடையாது. எந்தக் குறை பணத்தால் தீரும், எது தீராது என்று பிரிப்பதுதான் வாங்குபவரின் வேலை. இம்பெல்லர், பிளக், குழாய், ஒயர், விசிறி ஆகியவை சாதாரணச் செலவு. ஒரு சிலிண்டர், கியர்பெட்டி, பின்பலகை ஆகியவை பெரிய செலவு. ஆனால் விலையில் கழித்துக்கொள்ளலாம். உடல் முழுவதும் ஊறியது, காகிதம் சரியில்லாதது, அமைப்பே மாற்றப்பட்டது ஆகிய மூன்றும் எந்த விலைக்கும் வேண்டாதவை.

கணக்கு முறை விளங்க ஓர் எடுத்துக்காட்டு. கேட்கும் விலை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கண்ட குறைகளுக்குப் பட்டறையில் எழுதி வாங்கிய மதிப்பீடு 90,000. உங்கள் விலை 3,10,000 அல்ல. பழுது பார்க்கும் வாரங்களில் படகு ஓடாது. திறந்த பிறகு புதிதாக ஏதாவது தெரியவும் செய்யும். எனவே மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மேலும் கழித்து, 2,80,000 என்று தொடங்குங்கள். கையில் உள்ள முழுப் பணத்தையும் படகுக்கே கொடுத்துவிடாமல், முதல் வருடப் பராமரிப்புக்கு என்று ஆறில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தவணை மாதாமாதம் வரும். கோவாவில் சுற்றுலாப் படகுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் வருமானம் வராது.

பெரிய தொகை என்றால், படகுகளை மதிப்பிடும் தகுதி பெற்ற சர்வேயர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை விலை பேசவும் காப்பீடு எடுக்கவும் உதவும். இந்தக் கட்டுரை அவருக்கு மாற்று அல்ல. அவரை அழைக்கத் தகுதியான படகு எது என்று நீங்களே பிரித்தெடுக்க உதவுவது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: டார்ச் விளக்கு, சாக்பீஸ், பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பானர், கம்ப்ரெஷன் கேஜ், கண்ணாடிக் குவளை, பழைய துணி, நோட்டுப் புத்தகம், பேனா. கூடவே எதையும் வாங்கும் எண்ணமில்லாத ஒரு நண்பர். ஆசை உள்ளவன் கண்ணுக்கு வெடிப்பு தெரியாது. ஆசை இல்லாதவன் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் நம் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படகில் ஏறும் பயணிக்கு நீங்கள் பார்த்த பின்பலகையும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார். அவருக்காகத் தட்டிப் பார்ப்பதும் நீங்கள்தான், அழுத்திப் பார்ப்பதும் நீங்கள்தான். ஒரு காலைப் பொழுது அதற்குச் செலவானால் ஆகட்டும். படகு வாங்க எண்ணும் நம் பிள்ளைகள் யாராயினும் சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்பலாம். கேஜை எடுத்துக்கொண்டு நானும் உடன் வருகிறேன்.